புருவ மையும் சியோல் நகரச் சட்டமும்

தென்கொரிய நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 25ஆந் திகதி ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. மனிதத் தோலில் ஊசியால் நிறமேற்றுந் தொழிலைப் பற்றியது அது. மருத்துவப் பட்டம் பெறாத ஒருவரும், அரசாங்கம் நடத்தும் பரீட்சையிற் சித்தியெய்தி உரிமம் பெறுவாராயின், அத்தொழிலைச் செய்யலாம் என்பது அதன் சாரம். நமது பத்திரிகைகளிலே இச்செய்திக்கு ஒரு மூலையிற்கூட இடங் கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆயினும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அழகு நிலையங்களுக்குச் சென்று புருவத்தை நிரந்தரமாக எழுதுவிக்க எண்ணும் நமது பெண்மக்களுக்கு அச்செய்தியோடு நேரான சம்பந்தம் உண்டு. அதனை எடுத்துக் காட்டவே இதை எழுதுகின்றேன்.

அச்சட்டத்தின் கதை புருவத்திலேதான் தொடங்குகின்றது. 1992ஆம் ஆண்டிலே கொரிய உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. வாடிக்கையாளரின் புருவத்திலும் இமை விளிம்பிலும் இயந்திர ஊசியைக் கொண்டு நிறமேற்றியதே குற்றச்சாட்டு. ஊசி மேற்றோலை மாத்திரந் தீண்டுகின்றது, ஆதலின் அபாயமில்லை என்று கீழ்நீதிமன்றம் கருதியிருந்தது. உயர் நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. மேற்றோலோடு நிற்கவேண்டுமென்று எண்ணிக் குத்தினாலும் கைதவறி உட்டோலைத் தீண்டக்கூடும். ஒருவருக்குப் பாவித்த ஊசியை மற்றொருவருக்குப் பாவித்தால் நோய் தொற்றக்கூடும். எனவே இது மருத்துவச் செயலேயாம் என்று அது தீர்த்தது. அன்று தொட்டு வைத்தியரல்லாத எவர் இத்தொழிலைச் செய்தாலும் 5 ஆண்டு வரை சிறைவாசம் விதிக்க அந்நாட்டு மருத்துவச் சட்டம் இடமளித்தது.

சட்டம் இவ்வாறிருக்க, நாட்டு நடப்பு வேறாயிருந்தது. தோலில் மையேற்றியோர் தொகை, புருவம் எழுதியோரையுஞ் சேர்த்து, 1 கோடி 30 இலட்சம் என்று அத்தொழிலார் மதிப்பிட்டுக் கூறிவந்தனர். அவர்களுட் பெரும்பாலார் வைத்தியரிடஞ் சென்றவரல்லர். ஆளுங்கட்சித் தலைவரொருவரே 2011இல் புருவம் எழுதிக்கொண்டு பத்திரிகைகளின் பரிகாசத்துக்கு ஆளானார். புருவத்தைத் தீட்டுவித்துக்கொண்டவர், “காசைத் திருப்பித் தாரும், இல்லையேற் பொலிசுக்கு அறிவிப்பேன்” என்று தொழிலாளியை மிரட்டுவதும் அங்கு நடந்தது. 2020ஆம் ஆண்டிலே அயல்நாடான யப்பானின் உயர் நீதிமன்றம், பச்சை குத்துதல் மருத்துவச் செயலன்று என்று தீர்ப்பளித்தது. கொரிய அரசியலமைப்பு நீதிமன்றமோ 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஐவருக்கு நால்வர் என்ற மிகச் சிறிய வேறுபாட்டோடு, பழைய தடையையே நிலைநிறுத்தியது. வைத்தியர் சங்கம் இறுதிவரை எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பைத் தொழிற்பொறாமை என்று பலர் ஏளனஞ் செய்தனர். அதில் உண்மை ஓரளவு இருக்கலாம். ஆனால் வைத்தியர் சொன்ன காரணங்களை ஏளனஞ் செய்ய என்னால் இயலவில்லை. ஏன் என்பதைக் கூறுமுன், ஊசி தோலினுள்ளே என்ன செய்கின்றது என்று பார்க்கவேண்டும்.

நிரந்தர ஒப்பனை என்றும், அரை நிரந்தர ஒப்பனை என்றும், மைக்ரோபிளேடிங் என்றும் எப்பெயரால் அழைப்பினும், செயல் ஒன்றே. நுண்ணிய ஊசியினாலோ, ஊசிகளை வரிசையாகப் பதித்த சிறு கத்தியினாலோ தோலைக் கிழித்து மையைப் புகுத்துகின்றார்கள். நமது மேற்றோல் ஏறக்குறைய ஒரு மாதத்திற் புதுப்பிக்கப்பட்டு உதிர்ந்துவிடும் இயல்பினது. மை மேற்றோலிலேயே தங்குமாயின் அடுத்த மாதமே புருவம் வெறுமையாகிவிடும். ஆண்டுக்கணக்கில் நிற்கின்றதென்றால் உட்டோலுக்குச் சென்றுவிட்டது என்பதே பொருள். அங்கு சென்ற மைத்துகளை, அந்நியப் பொருளை விழுங்கும் உடற்கலங்கள் விழுங்குகின்றன. செரிக்க மாட்டாமல் அப்படியே வைத்திருக்கின்றன. அக்கலம் இறந்தால் துகள் வெளிப்படுகின்றது. அயலிலுள்ள மற்றொரு கலம் அதனை விழுங்குகின்றது. பிரான்சின் மார்செய் நகர ஆராய்ச்சியாளர் 2018இல் எலிகளிற் பரிசோதித்து இக்கைமாற்றத்தை விளக்கினார்கள். ஆகவே, புருவ மை என்பது உடம்பு ஓயாது விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருள். பூசி உலர்ந்த வர்ணத்தைப் போன்றதன்று.

நிறத்தின் கதை இதனிலும் சுவையானது. மலைநாட்டுத் தோட்டங்களிலே நெற்றியிலும் முழங்கையிலும் பச்சை குத்திய பாட்டிமாரை வாசகர்கள் கண்டிருப்பார்கள். சாகும்போது உடன் வருவது இது ஒன்றுதான் என்று அவர்கள் சொல்வார்கள். அக்காலத்திற் குத்துவதற்கு எடுத்த மை விளக்குக் கரி. கரியோ கறுப்பு. பின்னர் ஏன் நம் முன்னோர் அதனைக் கறுப்புக் குத்துதல் என்னாது பச்சை குத்துதல் என்றார்கள்? தோலின் ஆழத்திலே கிடக்கும் கருந்துகளைத் தோலின் ஊடாக நோக்குங்கால், ஒளி சிதறுவதனால் அது நீலம் பாய்ந்தும் பசுமை பாய்ந்துந் தோன்றுகின்றது. நம் முன்னோர் கண்டதைக் கண்டவாறே பெயரிட்டனர். இன்றைய அழகு நிலையத்தின் குப்பியிலும் பெரும்பாலுங் கரியே, காபன் என்ற பெயரோடு இருக்கின்றது. எனவே கருமையாக எழுதிய புருவம் சில ஆண்டுகளிற் சாம்பல் நீலமாக மாறுமாயின் அதில் அதிசயம் யாதுமில்லை. பாட்டியின் கையிற் காணும் அதே நிறம் பேர்த்தியின் புருவத்தில் வந்து நிற்கின்றது. கரிக்குப் பதிலாக இரும்பு ஒட்சைட்டுக்களைக் கலந்து கபில நிறஞ் செய்வதும் உண்டு. அதிலே கருமையும் மஞ்சளும் முந்தி மங்கச் சிவப்பு மாத்திரம் எஞ்சி, புருவம் செம்மண் பூசியது போலாகிவிடுகின்றது.

இவ்வாறானதும் பலர் லேசர் ஒளியால் அழிக்க ஓடுகின்றனர். கருமை லேசருக்கு ஓரளவு பணியும். ஆனால் பிழைத்த புருவத்தை மறைக்கத் தோல்நிற மையோ வெள்ளை மையோ மேலே குத்தியிருந்தால் நிலைமை மோசமாகும். அவற்றிலுள்ள இரும்பு ஒட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் லேசர் பட்ட கணத்திலே இரசாயன மாற்றமடைந்து கறுத்துவிடக்கூடும். தோல் வைத்தியர்கள் இதனை 1990களிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். கொரியர் தமது புதிய சட்டத்திற் குத்துவதை அனுமதித்து, அழிப்பதைத் தொழிலாளருக்குத் தடைசெய்திருப்பது இதனாற்றான் பொருத்தமுடையது என்பேன். அழிக்கும் வேலை வைத்தியரிடமே விடப்பட்டிருக்கின்றது.

சென்ற ஆண்டு என் தமக்கையின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. “மாமா, நாலு கிழமைதான் இருக்கு, புருவம் செய்விக்கலாமோ?” என்று கேட்டாள். நான் மறுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. அவளோடு வெள்ளவத்தையில் உள்ள ஒரு நிலையத்துக்குச் சென்றேன். சுவரிலே சட்டமிட்ட நற்சாட்சிப் பத்திரங்கள் மூன்று தொங்கின. பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டேன். மூன்று நாள் என்றார் அந்த அம்மையார். பொய்யுரைக்காத அந்த நேர்மையை நான் மெச்சினேன். ஊசி முத்திரையிட்ட உறையில் இருந்தது, அதுவும் நன்று. “ஐயா, இது மேலாலைதான், உள்ளுக்குப் போகாது” என்று அவர் எனக்குத் தைரியஞ் சொன்னார். கொரியக் கீழ்நீதிமன்றஞ் சொன்ன அதே வாக்கியம்! பின்பு மைக்குப்பியை வாங்கிப் பார்த்தேன். அதன்மேல் இருந்ததெல்லாம் கொரிய எழுத்து. விற்றவருக்குந் தெரியாது, வாங்கிய அம்மையாருக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது. அடியிலே சிறியதாக அச்சிட்டிருந்த ஓர் இலக்கம் திகதியா, தொகுதி எண்ணா என்று மூவரும் ஆராய்ந்து முடிவு காணாது விட்டோம்.

குப்பியின்மேல் இத்துணை கவனம் ஏன் என்று சிலர் கேட்கலாம். ஊசி சுத்தமாயிருந்தாற் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் ஆராய்ச்சியாளர், 14 உற்பத்தியாளரின் திறக்கப்படாத 75 மைக்குப்பிகளை எடுத்துப் பரிசோதித்து 2024இலே முடிவை வெளியிட்டார்கள். நிரந்தர ஒப்பனைக்குரிய மைகளும் அவற்றுள் இருந்தன. 26 குப்பிகளிற் பற்றீரியா காணப்பட்டது. மூடி திறக்கப்படவேயில்லை என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். அதே ஆண்டிலே நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹம்ரன் பல்கலைக்கழகத்தார் 54 மைகளை ஆராய்ந்தபோது, 45 மைகளிலே குப்பியிற் குறிப்பிடாத பொருள்கள் காணப்பட்டன. 2003, 2004ஆம் ஆண்டுகளை அடுத்து அமெரிக்காவில் ஒரே வகை நிரந்தர ஒப்பனை மையைப் பற்றி 150க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்ததும், வீக்கம், கொப்புளம், கட்டிதட்டுதல் முதலியன பலரை நெடுநாள் வருத்தியதும் பதிவிலுள்ள விடயம். தோலினுள்ளே செலுத்துவதற்கென எந்த ஒரு நிறப்பொருளுக்கும் அந்த நிருவாகம் இன்றுவரை அங்கீகாரம் வழங்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் நடந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி முதலாக, பச்சை குத்தும் மையிலும் நிரந்தர ஒப்பனை மையிலும் 4,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்களை அது தடுத்தோ அளவிட்டோ வைத்திருக்கின்றது. இத்தேவைக்கான மை என்ற வாசகமும், தொகுதி இலக்கமும், சேர்மானங்களின் பட்டியலும் குப்பியில் இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. நமது கடைக்கு வரும் குப்பியில் இம்மூன்றும் வாசிக்கத்தக்க மொழியில் உள்ளனவா என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

வேறு சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகின்றேன். உதட்டுக்கு நிறமேற்றினால், முன்னர் உதட்டிற் கொப்புளம் வந்தவர்களுக்கு உள்ளே உறங்கும் அக்கிருமி மீண்டும் எழும்பக்கூடும். வைத்தியரிடம் முற்காப்பு மருந்து கேட்டுப் பெறவேண்டும். காயம் ஆறும்போது தழும்பு தடித்து வளரும் இயல்பு கருநிறத் தோலினருக்கு அதிகம். காது குத்திய இடத்தில் அவ்வாறு தடித்தவர்கள் முகத்தில் ஊசியை அனுமதிக்கலாகாது. நீரிழிவுக்காரரும், இரத்தம் உறையாதிருக்க மருந்தெடுப்போரும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் விழுங்குவோரும் முதலில் வைத்தியரிடம் வினாவவேண்டும். கர்ப்பிணிகள் பிள்ளை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம். வலி மரக்கப் பூசும் களிம்பிலே லிடோகெயின் 4 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றைக் கடையில் வாங்கிப் பூசவேண்டாமென 2024இல் அமெரிக்க நிருவாகம் எச்சரித்தது. அளவு மிஞ்சினால் வலிப்பும் இதயத் துடிப்பு மாறுதலும் உண்டாகலாம். எம்.ஆர்.ஐ. பரிசோதனையைப் பற்றிய அச்சமோ மிகைப்படுத்தப்பட்டது. இலண்டனிலே பச்சை குத்திய 330 பேரைப் பரிசோதித்து 2019இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு மாத்திரமே இலேசான கூச்சம் ஏற்பட்டது. எனினும் புருவமோ இமையோ எழுதியவர் அதனைப் பரிசோதகரிடஞ் சொல்லிவிடுதல் முறை. பச்சை குத்தியவரைச் சிலகாலம் இரத்ததானத்தினின்றும் விலக்கி வைக்கும் வழக்கம் பல நாட்டு இரத்த வங்கிகளில் உண்டென்பதையும் மறத்தலாகாது. ஈரல் அழற்சிக் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் ஊசிவழி செல்வனவல்லவா?

மணப்பெண்களுக்கு ஒரு கணக்கு. குத்திய முதல் நாட்களிற் புருவம் எண்ணியதிலும் மிகக் கறுத்திருக்கும். பின்னர் பொருக்கு உதிர்ந்து, எல்லாம் போய்விட்டதோ என்று ஏங்கும்படி வெளிறும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் சென்றபின்பே உண்மை நிறந் தெரியும். அதன் பிறகே குறைநிரப்பக் குத்துவார்கள். நான்கு கிழமையிற் கலியாணத்தை வைத்துக்கொண்டு இதனைத் தொடங்குவது எவ்வாறு பொருந்தும்? என் மருமகள் இக்கணக்கைக் கேட்டபின் புருவ மைக்கூரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். கலியாணப் படத்திலே புருவம் நன்றாகத்தான் இருக்கின்றது.

வாடிக்கையாளரிடம் உண்மையை மறைத்து இத்தொழிலை நடத்துவது புதிய வழக்கமன்று. இலண்டனிற் பெயர்பெற்ற பச்சை குத்துநரான ஜோர்ஜ் பேர்ச்செற் 1953இல் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1958இல் நூலாக வெளிவந்தன. தாவரச் சாயத்தால் முகப்பொலிவூட்டுஞ் சிகிச்சை என்று மாத்திரங் கூறி, பச்சை குத்தப்படுவதைத் தெரிவியாமலே பெண்களின் முகத்தில் அழகு நிலையங்கள் குத்திவந்ததை அவர் அதில் எழுதியிருக்கின்றார். 1984இலே அமெரிக்கக் கண் வைத்தியர் ஒருவர் இமை விளிம்பில் மையேற்றும் முறையை மருத்துவச் சஞ்சிகையில் விவரித்தபோது, இக்கலை மருத்துவ அறைக்குள்ளும் நுழைந்தது. கை நடுங்குவதாலோ பார்வை மங்குவதாலோ தாமே மை தீட்டமாட்டாத பெண்களுக்கு அது பெரும் உதவியாயிற்று.

இவ்வளவையும் படித்தவர்கள் நான் இத்தொழிலுக்கே விரோதி என்று எண்ணக்கூடும். புற்றுநோய்ச் சிகிச்சையிலே புருவ மயிர் முழுவதையும் இழந்த ஒரு பெண், கண்ணாடியிற் காணும் முகத்தைத் தன் முகமென ஏற்கமாட்டாது தவிப்பதை நான் அயலிலே கண்டிருக்கின்றேன். மார்பகம் அகற்றப்பட்டவர்களுக்கு அவ்விடத்திலே முலைக்காம்பின் தோற்றத்தை மையால் வரைந்து கொடுக்கின்றார்கள். அவ்வாறு பெற்றவர்களுக்கு அது ஆடம்பரமன்று. தொழுநோயின் ஒரு வகையிற் புருவ மயிர் உதிர்ந்துவிடும். மருந்துண்டு நோய் முற்றாக நீங்கியபின்பும் அம்மயிர் பலருக்கு மீள்வதில்லை. ஊரார் கண்ணில் நோயின் முத்திரையாக அந்த வெறுமை நிற்கின்றது. கலியாணத்தைத் தடுக்கின்றது, வேலையைத் தடுக்கின்றது. ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் கண்டுபிடிக்கப்படும் நமது நாட்டிலே, அரசாங்க ஆஸ்பத்திரியொன்றின் தோல் நோய்ப் பகுதியில் இக்கலையறிந்த ஒருவரை இருத்தினால் எத்தனை பேருடைய வாழ்வு நேராகும்! அலங்காரத்துக்குச் செய்வோர் காசு கொடுத்துச் செய்கின்றனர்; அவசியத்துக்கு வேண்டுவோரிடம் காசும் இல்லை, கேட்கும் துணிவும் இல்லை. கொரியச் சட்டத்தை நான் வரவேற்பதற்குக் காரணம் இதுதான். வைத்தியருக்கு மாத்திரமே உரியதென்று வைத்த காலத்தில் வைத்தியரும் அதிகம் செய்யவில்லை. மற்றையோர் ஒளித்துச் செய்தனர். ஒளித்துச் செய்யுந் தொழிலை எந்தப் பரிசோதகரும் சென்று பார்க்க இயலாது.

புதிய சட்டம் இரண்டாண்டு ஆயத்தத்தின் பின்பே நடைமுறைக்கு வரும். பெற்றார் சம்மதமின்றிப் பராயமடையாதோருக்குக் குத்தலாகாது என்கின்றது அது. சுகாதாரப் பயிற்சியைக் கடமையாக்குகின்றது. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு வேறொன்று. எந்த நாளில், உடலின் எவ்விடத்தில், எந்த மையை, எவ்வளவு ஏற்றினோம் என்று தொழிலாளி எழுதிப் பாதுகாக்கவேண்டும். ஒவ்வாமை ஆண்டுகள் கழித்துந் தோன்றக்கூடிய ஒரு கருமத்திலே, அவ்வேடு ஒன்றுதான் வைத்தியருக்கு வழிகாட்டும்.

நமது நிலையையும் பார்ப்போம். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அலங்காரப் பொருள்கள், உபகரணங்கள், ஒளடதங்கள் என்ற மூன்றையுந் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. அதனை நீக்கி வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பிலே மருந்துகளும், மருத்துவ உபகரணங்களும், எல்லைக்கோட்டுப் பொருள்களும் இடம்பெற, அலங்காரப் பொருள் என்னுஞ் சொல் மறைந்துவிட்டது. புருவ மை இவற்றுள் எதனுள் அடங்கும் என்று சட்டவறிஞர் வாதாடட்டும். கொழும்பிலே புதிய சட்டம் ஆக்கும்வரை காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. சிகையலங்கார நிலையங்களுக்கு உள்ளூராட்சி சபைகள் உபவிதி ஆக்கி அனுமதிப்பத்திரம் வழங்கும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. அதே அதிகாரத்தைக் கொண்டு, புருவம் எழுதும் ஒவ்வொரு நிலையமும் ஓர் ஏடு வைத்திருக்கவேண்டுமென மாநகர சபையோ பிரதேச சபையோ விதிக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதமொருமுறை அதனை வாங்கிப் பார்க்கலாம். செலவு என்ன? நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. திகதி, வந்தவரின் பெயர், உடலின் இடம், ஊசியுறையின் தொகுதி இலக்கம், மையின் பெயரும் அதன் தொகுதி இலக்கமும்: ஐந்து நிரல்கள் போதும். கொரிய எழுத்திலுள்ள குப்பியை வாங்குகின்றவர், அந்த ஐந்தாவது நிரலை நிரப்புவதற்காகவேனும், விற்பவரிடம் அதன் பொருளைக் கேட்டறிய வேண்டியிருக்கும்.